பெயர் தெரியாத ஊலோங் பொட்டலம் கைக்கு வந்தால்: யாழ்ப்பாணத்து வீட்டில் குடித்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

நல்லூர்த் திருவிழாவுக்காக ரொறன்ரோவிலிருந்து வந்த சித்தப்பாவின் மகன், திரும்பிப் போகும்போது இரண்டு சின்ன வெள்ளித்தாள் பொட்டலங்களை என் கையில் தந்து, "அண்ணை, ஊலோங் தேயிலையாம், நல்ல சாமானாம், குடிச்சுப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். பொட்டலம் முழுக்கச் சீன எழுத்து. அடுத்த நாளே ஒன்றை வெட்டி, வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, பிளேன்ரீ போடும் கணக்கில் ஒரு கரண்டி போட்டு, மூன்று நிமிடம் விட்டு வடித்து, அம்மாவுக்கும் ஒரு கப் கொடுத்தேன். "என்ன தம்பி இது, சாயமே இறங்கேல்லை" என்றார் அம்மா. எனக்கும் அப்படித்தான் இருந்தது. மங்கலான மஞ்சள் தண்ணீர், மேலே மெல்லிய ஆடை ஒன்று, நாக்கில் சுண்ணாம்பு உரசினது போல ஒரு தன்மை. மிச்சத்தை வாயை இறுக்கிக் கட்டி ரின் ஒன்றில் போட்டு அலுமாரியில் வைத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, வேறு தண்ணீரில், வேறு அளவில் அதே இலையைப் போட்டபோது மூடியைத் திறந்ததும் முல்லைப்பூ மணம் எழும்பியது. அடுப்படியில் நின்ற அம்மாவே வந்து என்ன மணம் என்று கேட்டார். தேயிலையில் ஒரு குறையும் இருக்கவில்லை. ஒரு நல்ல தேயிலையை இரண்டு மாதம் ஒதுக்கி வைத்திருந்தேனே என்பது எனக்கு இப்போதும் உறுத்தல்தான், அதனால்தான் இதை எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் மூலமாகவோ கொழும்பில் ஒரு கடையிலோ இப்படி ஒரு பொட்டலம் உங்கள் கைக்கு வந்தால், அதை எப்படிக் குடித்துப் பார்த்து மதிப்பிடுவது என்று தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

செடியைப் பற்றி முதலில் கொஞ்சம். நுவரெலியாவில் கிள்ளுவதும் தாய்வான் மலைகளில் கிள்ளுவதும் ஒரே இனச் செடிதான், கமேலியா சினென்சிஸ். செய்முறைதான் வேறு. கறுப்புத் தேயிலைக்கு இலையை உருட்டி நசுக்கி முழுக்க ஒட்சியேற, அதாவது காற்றுப் பட்டு நிறமும் மணமும் மாற, விடுகிறார்கள். பச்சைத் தேயிலைக்குச் சூடு காட்டி அதைத் தொடக்கத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். ஊலோங்குக்கோ இலையை வெயிலில் வாடவிட்டு, பிறகு மூங்கில் தட்டுகளில் போட்டுப் புரட்டிப் புரட்டி ஓரங்களை மட்டும் காயப்படுத்தி, ஆறவிட்டு, மறுபடி புரட்டி, இரவிரவாக மணம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்து, வேண்டிய இடத்தில் சூடு கொடுத்து நிறுத்துகிறார்கள். அந்த 'வேண்டிய இடம்' 10 வீத ஒட்சியேற்றமாகவும் இருக்கலாம், 70 வீதமாகவும் இருக்கலாம். அதற்கு மேல் கரியடுப்பில் வாட்டுவதும் உண்டு, வாட்டாமல் விடுவதும் உண்டு. ஒரே பெயருக்குள் பூவாக மணக்கும் வெளிர்பச்சைத் தண்ணீரும் இருக்கிறது, பனங்கட்டிப் பாகு நிறத்தில் கருகல் மணம் வீசும் தண்ணீரும் இருக்கிறது என்பதால், ஒரு பொட்டலத்தைக் குடித்துவிட்டு "எனக்கு ஊலோங் சரிவராது" என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

பொட்டலத்தில் எதை வாசிப்பது, எதை வாசிக்காமல் விடுவது

போனில் மொழிபெயர்க்கும் செயலி இருந்தால் பொட்டலத்தைப் படம் பிடித்துப் பாருங்கள். உங்களுக்கு வேண்டியது நான்கு விபரம்தான்: ஊர், தேயிலையின் பெயர், கிள்ளிய பருவமும் ஆண்டும், வாட்டியதா இல்லையா. மணம் இப்படி, சுவை அப்படி என்று விற்பவர் எழுதியிருப்பதை இப்போது வாசிக்க வேண்டாம். 'ஓர்க்கிட் மணம்' என்று ஒருமுறை வாசித்துவிட்டால் மூக்கு அதையே தேடிக்கொண்டிருக்கும், அப்புறம் நீங்களாக ஒன்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம். நான் செய்வது, வீட்டில் வேறு யாரிடமாவது பொட்டலத்தைக் கொடுத்து ஊரையும் பெயரையும் மட்டும் சொல்லச் சொல்வது.

ஊர் தெரிந்தாலே பாதி வழி தெரிந்த மாதிரி. சீனாவின் பூஜியான் மாகாணத்தில் வூயி மலைப்பக்கத்துத் தேயிலை (டா ஹொங் பாவ், ரோ குய், ஷுய் சியன் என்ற பெயர்கள் இருக்கும்) நீளமாக முறுக்கிய கரிய இலை, பெரும்பாலும் நன்றாக வாட்டியது. அதே மாகாணத்து அன்சியில் செய்யும் தியே குவான் யின் உருண்டையாகச் சுருட்டியது, இந்தக் காலத்தில் அதிகம் வருவது பச்சையானது. குவாங்டொங்கின் பீனிக்ஸ் மலையிலிருந்து வரும் டான் சொங் நீள இலை, பழ மணத்துக்கும் பூ மணத்துக்கும் பேர்போனது, அவசரப்பட்டுக் கூட நேரம் ஊறவிட்டால் கைத்துவிடும். தாய்வானில் அலிஷான் போன்ற உயர்மலைத் தேயிலைகள் உருண்டை, பச்சை. டொங் டிங் உருண்டை, வழக்கமாகக் கொஞ்சம் வாட்டியது. எங்கள் மலையகத்திலும் சில தோட்டங்கள் சிறிய அளவில் ஊலோங் செய்கின்றன, அது கிடைத்தால் விடவேண்டாம்.

தண்ணீர்

யாழ்ப்பாணத்தில் இருக்கிற எங்களுக்கு முழு விசயமும் இங்கேதான் நிற்கிறது. குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது. மாரி மழை அந்தக் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கும் நல்ல தண்ணீராகத் தேங்குகிறது. நிலாவரைக் கேணியில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவர்த் தண்ணீரும் இருப்பது இதனால்தான். கல்லுக்குள் இறங்கும் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. உங்கள் கேத்தலுக்குள் பாருங்கள், வெள்ளையாகப் பொருக்குப் பிடித்திருக்கும், அதுதான் சாட்சி.

இந்தத் தண்ணீர் தேயிலைக்கு என்ன செய்கிறது என்றால், அதிலுள்ள கல்சியம் தேயிலையின் பொலிபீனோல்களோடு சேர்ந்து மேலே ஆடை கட்டுகிறது, காரத்தன்மை தண்ணீரின் நிறத்தை மங்கலாக்கித் தேயிலையில் இருக்கும் மெல்லிய புளிப்பைத் தின்றுவிடுகிறது. தூள் தேயிலையில் கடும் சாயம் எடுத்து, பாலும் சீனியும் சேர்த்துக் குடிக்கும்போதும், கையில் பனங்கட்டி வைத்துக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடிக்கும்போதும் இது பெரிதாகத் தெரியாது. ஊலோங்கில் மிச்சமில்லாமல் தெரிந்துவிடும், ஏனென்றால் அதில் நாங்கள் தேடுவதே அந்த மெல்லிய மணங்களைத்தான். கிணற்றுத் தண்ணீரில் போட்டுக் குடித்தால் நீங்கள் மதிப்பிடுவது கிணற்றை.

அப்போ எந்தத் தண்ணீர்? சுலபமானது போத்தல் தண்ணீர். லேபிளில் கரைந்துள்ள திண்மங்களின் மொத்த அளவு போட்டிருந்தால் லீற்றருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு பொட்டலத்தை ஒழுங்காகப் பரிசோதிக்க ஒன்றரை லீற்றர் போதும். ஆர்.ஓ. வடிகட்டி வைத்த தண்ணீர் இப்போது பல இடங்களில் கிடைக்கிறது, அதையும் பாவிக்கலாம், ஆனால் அதில் உப்புகள் மிகக் குறைவாக இருப்பதால் தேத்தண்ணி சில நேரம் வெறுமையாக, உடம்பில்லாமல் இருக்கும். உங்கள் கிணறு உவர் இல்லாத நல்ல தண்ணீர்க் கிணறாக இருந்தால் ஆர்.ஓ. தண்ணீர் ஐந்து பங்குக்குக் கிணற்றுத் தண்ணீர் ஒரு பங்கு கலந்து பாருங்கள், எனக்கு அது போத்தல் தண்ணீரை விடவும் பிடித்திருக்கிறது. இரண்டும் கிடைக்காவிட்டால், கிணற்றுத் தண்ணீரை ஒரு சருவத்தில் ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடி, இரவு முழுக்க அசையாமல் வைத்து, காலையில் அடியில் படிந்த வெண்தூளைக் கலக்காமல் மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். சுண்ணாம்பில் ஒரு பங்கு இப்படி இறங்கிவிடும். தீவுப்பகுதியிலோ கரையோரத்திலோ உவர்க் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி உதவாது, கொதிக்கக் கொதிக்க உப்புக் கூடும், குறையாது.

நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு நாள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கப் வையுங்கள். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் போத்தல் தண்ணீர், ஒரே அளவு இலை, ஒரே நேரம். ஐந்து நிமிடத்தில் நிறமே வேறு வேறாக இருக்கும். எனக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித் தந்ததில்லை.

இன்னொன்று எங்களுக்குச் சாதகம். நாங்கள் கடல்மட்டத்தில் இருக்கிறோம், தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். நுவரெலியாவில் 94 பாகைக்கே கொதித்துவிடும். உருண்டை ஊலோங் திறப்பதற்கும் வாட்டிய ஊலோங் மணம் விடுவதற்கும் அந்த முழுக் கொதி வேண்டும்.

பாத்திரமும் தராசும்

கைவான் என்று சீனர் பாவிக்கும் மூடி போட்ட சின்னக் கிண்ணம் இருந்தால் நல்லது, 100 மில்லிலீற்றர் அளவில். இல்லாவிட்டால் கவலையில்லை. உள்ளே வெள்ளையாக இருக்கும் ஒரு சின்னப் பீங்கான் கப், அதை மூடச் சின்னச் சோசர், வடித்து ஊற்ற இன்னொரு கப், கண் நெருக்கமான தேத்தண்ணி வடி. வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது நிறம் பார்ப்பதற்காக. வெண்கல மூக்குப் பேணியில் அண்ணாந்து குடிப்பது எனக்கு மிகவும் பிடித்த பழக்கம், ஆனால் இதற்கு அது வேண்டாம், மூக்கு கப்புக்குள் போகவேண்டும். மல்லிக் கோப்பி போட்ட பாத்திரத்தையும் பிளாஸ்கையும் ஒதுக்கி வையுங்கள், எத்தனை தரம் கழுவினாலும் மணம் போகாது. கப்புகளைச் சவர்க்காரம் போடாமல் கொதிநீரால் மட்டும் அலசுங்கள்.

சின்ன இலத்திரனியல் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும் என்பது என் எண்ணம். உருண்டைத் தேயிலை 3 கிராம் ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும், நீள இலை 3 கிராம் உள்ளங்கை நிறைய வரும். கரண்டியால் அளந்தால் இரண்டையும் ஒப்பிடவே முடியாது.

நேரமும் பாருங்கள். அடுப்பில் மிளகாய் வறுக்கிற நாளிலும் மீன் பொரிக்கிற நேரத்திலும் தொடங்க வேண்டாம். சந்தனம், ஊதுபத்தி, தலைக்கு வைத்த பூ எல்லாமே குறுக்கே வரும். சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் கழித்துப் பின்னேரம் நான்கு மணி வாக்கில் நல்லது. வெறும் வயிற்றில் செய்ய வேண்டாம், ஆறேழு சின்னக் கப் குடிக்கப்போகிறீர்கள், தலை சுற்றும், வயிற்றைப் பிரட்டும். இடையில் கடிக்க வெறும் பாண் துண்டும் வாய் கொப்பளிக்கத் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும்.

முதல் சுற்று: பரீட்சைக் கப்

ஒரு புதுத் தேயிலையை நான் இரண்டு விதமாகப் போடுவேன். முதல் விதம் அதைச் சோதிப்பதற்கு, இரண்டாவது அதோடு இருந்து குடிப்பதற்கு. சோதிக்கும் கப்பில் தேயிலைக்குக் கருணை காட்டக் கூடாது. 3 கிராம் இலை, 150 மில்லிலீற்றர் முழுக்கக் கொதித்த தண்ணீர், மூடி போட்டு 5 அல்லது 6 நிமிடம். தாய்வானில் போட்டிக்கு வரும் ஊலோங்கை இந்த அளவில்தான் பார்க்கிறார்கள், நீள இலைக்கு 5, உருண்டைக்கு 6. தேயிலையைச் சுவைபார்க்கத் தயாரிக்கும் முறைக்கு உலக அளவில் இருக்கும் ஐ.எஸ்.ஓ. 3103 நியமமும் 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம், 6 நிமிடம் என்கிறது, கணக்கு ஒன்றேதான். இவ்வளவு நேரம் ஊறினால் நல்ல தேயிலையும் கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கும், ஆனால் ஒளித்து வைத்த குறை எல்லாம் வெளியே வந்துவிடும்.

தண்ணீர் ஊற்றுவதற்கு முன் காய்ந்த இலையைப் பாருங்கள். நிறம் ஒரே சீராக இருக்கிறதா, தூளும் துண்டும் எவ்வளவு, காம்பு சேர்ந்திருக்கிறதா. உருண்டை ஊலோங்கில் காம்பு இருப்பது குறை இல்லை. பிறகு கப்பைக் கொதிநீரால் சூடாக்கி, தண்ணீரைக் கொட்டிவிட்டு, அந்தச் சூட்டுக்குள் காய்ந்த இலையைப் போட்டு மூடி, இருபது செக்கன் கழித்து மூடியைக் கொஞ்சம் நீக்கி மணந்து பாருங்கள். பொட்டலத்தில் மணக்காதது இங்கே மணக்கும். எனக்கு இந்த ஒரு நொடி முழுச் சடங்கிலும் பிடித்தது.

வடித்த பிறகு மூன்று இடத்தில் மணம் பாருங்கள்: மூடியின் உட்புறம், ஊறின இலை, குடித்து முடித்த வெறும் கப்பின் அடி. மூன்றும் ஒன்றாக இருக்காது. மூடியில் பூவும் வெறும் கப்பில் தேனும் வருவது உண்டு. நல்ல தேயிலையில் வெறும் கப்பு ஆறின பிறகும் மணம் நிற்கும்.

குடிக்கும்போது சத்தம் வர உறிஞ்சிக் குடியுங்கள், காற்றும் சேர்ந்து வாய்க்குள் போகவேண்டும், விழுங்கிய பிறகு வாயை மூடி மூக்கால் மூச்சை விடுங்கள். மணத்தில் பெரும்பகுதி அந்த மூச்சில்தான் தெரியும். சந்தேகம் என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு குடித்து, பிறகு விட்டுப் பாருங்கள்.

இரண்டாம் சுற்று: கொஞ்சம் கொஞ்சமாக

இதற்குப் புது இலை எடுங்கள். 100 மில்லிலீற்றர் பாத்திரத்துக்கு 5 முதல் 6 கிராம். கூட மாதிரித் தோன்றும், பயப்பட வேண்டாம், ஊறும் நேரம் மிகக் குறைவு. உருண்டையானால் முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து செக்கனில் கொட்டிவிடுங்கள், இலை விழித்துக்கொள்ளும். பிறகு முதல் கப்புக்கு 40 செக்கன், இரண்டாவதுக்கு இலை திறந்திருக்கும் என்பதால் 25, அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து செக்கன் கூட்டிக்கொண்டே போங்கள். வூயி, டான் சொங் மாதிரி நீள இலையானால் முதல் கப் 10 செக்கனுக்கு மேல் வேண்டாம். மிகப் பச்சையான தேயிலைக்குக் கேத்தலை இறக்கி ஒரு நிமிடம் விட்டு ஊற்றலாம், வாட்டியதற்குக் கொதி அடங்காமலே ஊற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் கடைசிச் சொட்டு வரை வடிக்க வேண்டும், தேங்கி நிற்கும் தண்ணீர் அடுத்த கப்பைக் கைக்கச் செய்துவிடும்.

பிளேன்ரீயில் ஒரு கப்பில் எல்லாம் முடிந்துவிடும். இங்கே அப்படியில்லை. முதல் கப்பை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். பெரும்பாலும் இரண்டாவதும் மூன்றாவதும்தான் உச்சம், ஐந்தாவதுக்குப் பிறகு மணம் குறைந்து இனிப்பு மட்டும் நிற்கும். எத்தனையாவது கப் வரை அது தாக்குப்பிடிக்கிறது, எப்படி மாறிக்கொண்டு போகிறது, சட்டென்று விழுகிறதா மெதுவாக இறங்குகிறதா என்பதுதான் தேயிலையின் தரத்துக்கு நான் கொடுக்கும் முதல் புள்ளி. நிறத்துக்குப் புள்ளியே கிடையாது. வெளிர்மஞ்சளாக இருப்பதால் சாயம் இல்லை என்று நினைக்கிற பழக்கத்தை விட எனக்குக் கொஞ்ச நாள் எடுத்தது.

நாக்கில் நான்கு விசயம் கவனியுங்கள். கைப்பு பாவற்காய் மாதிரி நாக்கில் பிடிப்பது. கயர்ப்பு வாழைக்காய்த் தோல் பட்டது மாதிரி வாய் முழுக்க இழுப்பது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டும் கொஞ்சம் இருக்கலாம், கேள்வி அது எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்பது. அரை நிமிடத்துக்குப் பிறகும் நாக்கில் ஒட்டிக்கொண்டே இருந்தால் ஒன்றில் நேரம் கூடிவிட்டது, அல்லது இலையில் குறை. மூன்றாவது உடம்பு, அதாவது வாய்க்குள் அதன் தடிப்பு: வெறும் தண்ணீர் போலவா, இளநீர் போலவா, சோறு வடித்த கஞ்சி போலவா. நல்ல உயர்மலை ஊலோங் கஞ்சியின் பக்கம் போகும். நான்காவதுக்குச் சீனர் ஹுய் கான் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், திரும்பிவரும் இனிப்பு என்று பொருள். எங்களுக்கு அதை விளக்கத் தேவையே இல்லை, நெல்லிக்காய் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தவர் எல்லோருக்கும் தெரிந்தது அது. விழுங்கிக் கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டையிலிருந்து அந்தத் தித்திப்பு எழும்புகிறதா என்று பேசாமல் இருந்து பாருங்கள்.

மணத்துக்கு எங்கள் சொற்கள்

ஓர்க்கிட், கார்டீனியா, பீச் பழம் என்று வெளிநாட்டுக் குறிப்புகளில் எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். நீங்கள் மணந்து வளராத பூவின் பெயரை எழுதி என்ன பயன்? உங்கள் மூக்குக்குத் தெரிந்ததை எழுதுங்கள். இரண்டாவது பொட்டலத்தை, அது டொங் டிங், நாங்கள் போட்ட அன்று நான் "வறுத்த மணம்" என்று மட்டும் எழுதிவிட்டு அதற்கு மேல் போகமுடியாமல் இருந்தேன். அம்மா மூடியை மணந்துவிட்டு உடனே, "உழுந்து வறுத்து இறக்கின சட்டி மணம்" என்றார். அவ்வளவு துல்லியமான குறிப்பை நான் எந்தப் பொட்டலத்திலும் வாசித்ததில்லை. தேயிலை சுவைக்க வீட்டில் சமைக்கிறவரைப் பக்கத்தில் வைத்திருங்கள்.

எனக்கு உதவுகிற சிலவற்றைச் சொல்கிறேன். பச்சை ஊலோங்கில் முல்லை, மல்லிகை, செண்பகம், அப்போது கிள்ளிய கீரைத்தண்டு, பச்சைத் தேங்காய். கொஞ்சம் வாட்டியதில் வறுத்த அரிசிமா, உழுத்தம்மா, ஒடியல். நன்றாக வாட்டியதில் பனங்கட்டி, கருக்கின சீனி, கறுவா. ரோ குய் என்ற பெயருக்கே கறுவா என்றுதான் பொருள். வூயித் தேயிலையில் இன்னொன்றும் வரும், முதல் மழை விழுந்த சுடுகல்லின் மணம். டான் சொங்கில் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் தோலோடு ஒட்டின பகுதி, கொய்யா, தேன். ஓரியன்டல் பியூட்டி என்று ஒரு தாய்வான் தேயிலை இருக்கிறது, தத்துப்பூச்சி கடித்த இலையைத் தேடிக் கிள்ளுவார்கள். பூச்சி கடித்ததற்குச் செடி காட்டும் எதிர்ப்பிலிருந்து அந்த மணம் பிறக்கிறது, தேனும் பழுத்த முந்திரிகையும் (திராட்சை) சேர்ந்த மாதிரி. ஒவ்வொரு கப்புக்கும் இரண்டு மூன்று சொல் போதும், கொப்பியில் கப் இலக்கம் போட்டு எழுதுங்கள்.

சக்கையைக் கொட்டுவதற்கு முன்

முடிந்ததும் இலைகளை ஒரு வெள்ளைப் பீங்கானில் தண்ணீர் விட்டு விரித்துப் பாருங்கள். தேயிலை பொய் சொல்ல முடியாத இடம் இது. கையால் கிள்ளியதானால் ஒரு காம்பில் மூன்று நான்கு இலை சேர்ந்து வரும், இயந்திரம் வெட்டியதானால் இலை நேர்கோட்டில் அறுந்திருக்கும். நடு பச்சையாகவும் ஓரம் செம்மையாகவும் இருந்தால் புரட்டும் வேலையைப் பொறுமையாகச் செய்திருக்கிறார்கள். தாய்வான் பச்சை ஊலோங்கில் அந்தச் சிவப்பு மிகக் குறைவாகத்தான் இருக்கும், ஓரத்தில் புள்ளி புள்ளியாகத் தேட வேண்டும், அன்சியில் பச்சைத் தியே குவான் யின்னுக்குச் சிலர் ஓரத்தை உடைத்தே எடுத்துவிடுவார்கள். எட்டுத் தடவை கொதிநீர் ஊற்றியும் திறக்காமல் கரித்துண்டு மாதிரி விறைத்து நிற்கும் இலை அளவுக்கு மீறி வாட்டியது. விரல்களுக்கு இடையில் தேய்த்தால் நல்ல இலை ரப்பர் மாதிரி மெதுவாக நெகிழும்.

குறைகளில் அடிக்கடி காண்பது பழசாகிப்போனது. ஈரச் சாக்கு, பழைய கொப்பி, காறின தேங்காயெண்ணெய் மணம் வந்தால் அதுதான். பச்சைப் புல் மணமும் வயிற்றைப் பிடிக்கும் தன்மையும் இருந்தால் சரியாக வாடவிடவில்லை. கருகலைத் தவிர வேறொன்றும் இல்லாமல், மூன்றாவது கப்பிலும் கருகல்தான் என்றால் பழைய தேயிலையை வாட்டி மறைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். இன்னொன்று வாசனை சேர்த்தது. தாய்வானில் 1981இல் வெளிவந்த ஜின் ஷுவான் என்ற இனத்தில் இயல்பாகவே பால் காய்ச்சி இறக்கின மாதிரி மெல்லிய மணம் உண்டு. அதன் பெயரைச் சொல்லி எசன்ஸ் சேர்த்த 'பால் ஊலோங்' நிறைய விற்கிறார்கள். காய்ந்த இலையே மில்க் ரொபி மாதிரி முகத்தில் அடித்து, இரண்டாவது கப்பில் பாதியாகி, நான்காவதில் ஒன்றுமில்லாமல் போனால் அது சேர்த்த வாசனை. இயல்பான மணம் மெதுவாக எழும்பி மெதுவாகத்தான் போகும்.

வைத்திருப்பதும் மறுநாளும்

எங்கள் வெக்கைக்கும் கார்த்திகை மார்கழி ஈரத்துக்கும் திறந்த பொட்டலம் தாக்குப்பிடிக்காது. பச்சை ஊலோங்கைக் காற்றுப் போகாமல் அடைத்துக் குளிர்சாதனப்பெட்டியில் வையுங்கள், ஆனால் எடுத்தவுடன் திறக்காமல் வெளியே வைத்து வீட்டுச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள், இல்லாவிட்டால் இலையில் ஈரம் பிடிக்கும். வாட்டியதற்கு மணமில்லாத இறுக்கமான ரின் போதும், மசாலா அலுமாரியில் மட்டும் வேண்டாம். திறந்த திகதியை ரின்னில் எழுதி ஒட்டுங்கள்.

ஒரு நாள் குடித்ததை வைத்து முடிவுக்கு வராமல் இரண்டு மூன்று நாள் கழித்து அதே அளவில் திரும்பப் போடுங்கள், இந்த முறை பழைய குறிப்பைப் பார்க்காமல். பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டிலும் வந்த சொல் தேயிலையுடையது, ஒரு நாள் மட்டும் வந்தது அநேகமாக உங்கள் மத்தியானச் சாப்பாட்டுடையது. இப்போது விற்பவரின் குறிப்பை வாசிக்கலாம்.

கடைசிக் கப் முடிந்த இலையை எறிய வேண்டாம். அதை அப்படியே ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு, அதே நல்ல தண்ணீர் அரை லீற்றர் ஊற்றி, இரவு குளிர்சாதனப்பெட்டியில் வைத்து, காலையில் வடித்துப் பாருங்கள். கைப்பும் கயர்ப்பும் முதல் நாளே போயிருக்கும், வெயிலில் வெளியே போய்விட்டு வந்து குடிக்க நல்லது, அம்மா இப்போது கேட்டு வாங்கிக் குடிப்பது இதைத்தான்.